நான்கு மாலைகளை ஒரே மாலையாகச் சுருக்கிய தேர்வுக்குழுவுக்கு

தேர்வுக்குழு உறுப்பினர்களுக்கு,

செவ்வாய்க்கிழமை இரவு பத்தே முக்காலுக்கு நம் திரைப்படக் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட மூன்று வரிச் செய்தியைப் பற்றித்தான் இந்த மடல். ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மகோதோ ஷின்காயின் படங்களுக்கு ஒதுக்கியிருந்த நான்கு மாலைகள் ரத்து. ‘யுவர் நேம்’ மட்டும் ஒரு ஞாயிறு மாலை திரையிடப்படும். மீதி மூன்று மாலைகளுக்கு வேறு படங்கள் பின்னர் அறிவிக்கப்படும். காரணம் என்று ஒரே ஒரு வாக்கியம்: “இவர் ஒரே படத்தைத்தான் திரும்பத் திரும்ப எடுக்கிறார், ஒன்றைப் பார்த்தால் எல்லாம் பார்த்த மாதிரி.” அதற்குக் கீழே இரண்டு கட்டைவிரல் படம். அவ்வளவுதான். திரையிடும் அனுமதிக்காக நான்கு மாதம் மெயில் மேல் மெயில் போட்ட மூன்று பேரில் ஒருவரையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

குழுவிலேயே பதில் போட்டேன். அது மறுநாள் காலை வந்த குட்மார்னிங் ரோஜாப்பூக்களுக்குக் கீழே போய்விட்டது. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். ஒன்பது வருஷமாகச் சந்தா கட்டுகிறவன், நாற்காலி போட்டு எடுத்தவன், ப்ரொஜெக்டர் பல்பு போனபோது ரிச்சி தெருவுக்கு ஓடியவன் என்ற உரிமை எனக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் உங்கள் குற்றச்சாட்டை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், வேலை சுலபமாகும். ஆமாம், ஷின்காய் சொன்னதைத்தான் திரும்பச் சொல்கிறார். பிரிந்துபோன இரண்டு பேர், அவர்களுக்கு நடுவே ஒரு தூரம். அந்தத் தூரம் சில சமயம் கிலோமீட்டரில் இருக்கும், சில சமயம் வருஷத்தில், ஒரு படத்தில் ஒளியாண்டில். வந்து சேராத செய்தி, அல்லது வந்தும் பிரயோசனமில்லாத செய்தி. ரயில். மழை. அப்புறம் அந்த ஆகாயம். மேகத்தின் ஓரத்தில் வெளிச்சம் விழுகிற தினுசைப் பார்த்தே படம் யாருடையது என்று சொல்லிவிடலாம். சினிமா பக்கமே போகாத என் அக்கா, துணி மடித்துக்கொண்டே டிவியை ஒரு பார்வை பார்த்துவிட்டு “உன் மேகக்காரர் படமா?” என்று கேட்பாள். எங்கள் வீட்டில் அவர் பெயர் இப்போது அதுதான்.

சரி, இதைக் குற்றமாகச் சொல்ல நம் கழகத்துக்கு என்ன தகுதி இருக்கிறது? 2023 டிசம்பரில் பழைய ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசு பிறந்து 120 வருஷம் ஆனதற்கு ஐந்து படம் போட்டோம், நினைவிருக்கும். 1949இல் வந்த ‘லேட் ஸ்பிரிங்’கில் மனைவியை இழந்த அப்பா, கல்யாணமே வேண்டாம், அப்பாவோடே இருந்துவிடுகிறேன் என்று நிற்கிற மகள், கடைசியில் அவள் போய்விடுகிறாள், அவர் தனியாக உட்கார்ந்து ஆப்பிள் தோல் சீவுகிறார். 1962இல் வந்த ‘ஆன் ஆட்டம் ஆஃப்டர்நூ’னில் மறுபடியும் மனைவியை இழந்த அப்பா, மறுபடியும் மகள் கல்யாணம், மறுபடியும் கடைசியில் அப்பா தனியாக, இந்த முறை சமையல்கட்டில். இரண்டிலும் அப்பா ஒரே நடிகர், சிஷு ர்யூ. நடிகை செட்சுகோ ஹாரா 1949, 1951, 1953 என்று மூன்று படத்தில் நோரிகோ என்ற ஒரே பெயரில் வருகிறார், மூன்றும் வேறு வேறு நோரிகோ. போதாததற்கு 1934இல் எடுத்த தன் மௌனப் படத்தையே 1959இல் கலரில் இன்னொரு முறை எடுத்தவர் ஓசு. அன்றைக்கு நாம் விநியோகித்த நோட்டீசில் என்ன எழுதியிருந்தோம்? “ஒரே நிலத்தை வாழ்நாள் முழுக்க ஆழ உழுத கலைஞர்.” தட்டச்சு செய்தது நான், வாசகம் உங்களில் ஒருவருடையது. ஓசு செய்தால் உழவு, ஷின்காய் செய்தால் அரைத்த மாவையே அரைப்பதா? ஷின்காய் படத்துக்குக் காலேஜ் பிள்ளைகள் கூட்டமாக வந்து விசிலடிப்பார்கள் என்ற பயம்தான் உண்மையான காரணமோ என்று எனக்கு ஒரு சந்தேகம். தப்பாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஒரே மாதிரி இருக்கிறது என்று சொல்வதற்கு இரண்டு படத்தையாவது அடுத்தடுத்து வைத்துப் பார்த்திருக்க வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைத் தூக்கிவிட்டால் நீங்கள் சொன்னது சரியா தப்பா என்று பார்க்க வருகிறவருக்கு வழியே இல்லாமல் போகிறது. உங்கள் தீர்ப்பைக் காப்பாற்ற இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. நாங்கள் வருஷ வரிசையில் போட்டுக் கொடுத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. ஷின்காய் கேட்கிற கேள்வி மாறவில்லை, ஆனால் ஒவ்வொரு முறையும் தன் போன படத்துப் பதிலோடு அவரே சண்டை போடுகிறார், அது வரிசையாகப் பார்த்தால்தான் தெரியும். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை, பன்னிரண்டு பதின்மூன்று வருஷமாகப் பார்த்துப் பார்த்துத் தெரிந்துகொண்டது.

முதல் மாலைக்கு மூன்று படம் வைத்திருந்தோம். 1999இல் ஒரு கேம் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே அவர் செய்த ‘ஷீ அண்ட் ஹெர் கேட்’, கறுப்பு வெள்ளையில் 5 நிமிஷம், ஒரு பூனை தன் எஜமானியைப் பற்றிப் பேசுகிறது. அடுத்து 2002இல் வந்த ‘வாய்ஸஸ் ஆஃப் எ டிஸ்டன்ட் ஸ்டார்’, 25 நிமிஷம். இதில் கிட்டத்தட்ட எல்லா வேலையையும் வீட்டில் ஒரு மேக் கம்ப்யூட்டரில் தனி ஆளாகச் செய்தார், முதலில் வந்த பதிப்பில் பையனின் குரல்கூட அவருடையதுதான். 2046இல் நடக்கிற கதை, ஆனால் எல்லோர் கையிலும் பட்டன் போன், அதைப் பார்த்து நம் பிள்ளைகள் சிரிக்கத்தான் செய்வார்கள், சிரிக்கட்டும். விண்கப்பலில் போகிற பெண் தூரம் போகப் போக அவள் அனுப்பும் செய்தி வந்து சேரும் காலமும் நீள்கிறது. 15 வயதுப் பெண் அனுப்பிய செய்தி பூமியில் 24 வயது ஆளின் கைக்கு வருகிறது. மூன்றாவது 2007இல் வந்த ‘ஃபைவ் சென்டிமீட்டர்ஸ் பெர் செகண்ட்’, 63 நிமிஷம். மூன்றையும் கூட்டினால் 93 நிமிஷம், ஒரு தமிழ்ப் படத்தின் இடைவேளைக்குக் கொஞ்சம் அந்தப் பக்கம்.

அந்த மூன்றாவது படத்தின் ரயிலைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லவேண்டும். 13 வயதுப் பையன் டோக்கியோவிலிருந்து தோச்சிகி மாகாணத்தில் இருக்கிற இவாஃபுனே என்ற சின்ன ஸ்டேஷனுக்கு ரயில் மாறி மாறிப் போகிறான். இரவு 7 மணிக்கு அங்கே அவன் தோழி அகாரி காத்திருப்பதாகப் பேச்சு. பனி. ரயில் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நிற்கிறது, அப்புறம் நடுக்காட்டில் நிற்கிறது. அவளுக்குக் கொடுக்க எழுதிவைத்திருந்த கடிதம் பிளாட்பாரத்தில் காற்றில் பறந்துவிடுகிறது. போன் கிடையாது, சொல்லியனுப்ப ஆள் கிடையாது. அவள் வீட்டுக்குப் போயிருந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான். 11 மணி தாண்டிப் போய் இறங்கினால், வெயிட்டிங் ரூமில் அடுப்புக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்தபடி அவள், மடியில் சாப்பாட்டு மூட்டை. படத்தின் கடைசியில் பெரியவர்களான பிறகு ஒரு ரயில்வே கேட்டில் இருவரும் எதிரெதிராகக் கடக்கிறார்கள். கடந்ததும் இவன் திரும்புகிறான். நடுவில் ரயில் வந்துவிடுகிறது, இன்னொரு ரயில் இந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. இரண்டும் போன பிறகு அந்தப் பக்கம் யாரும் இல்லை. அவன் லேசாகச் சிரித்துவிட்டு நடந்துபோகிறான்.

2012இல் இதை ஹாஸ்டலில் ஒரு லேப்டாப்பைச் சுற்றி ஆறு பேர் பார்த்தோம். முடிந்ததும் ஒருத்தன் “அவ்வளவுதானா? மீதி எங்கடா?” என்று லேப்டாப்காரனிடம் சண்டைக்கே போய்விட்டான், ஃபைல் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது என்று அவன் நினைப்பு. அப்புறம் ராத்திரி முழுக்க மொட்டை மாடியில் அதைப் பற்றியே பேச்சு.

இப்போது நீங்கள் ஒதுக்கிவைத்த ஒரே படத்துக்கு வாருங்கள். 2016, ‘யுவர் நேம்’. கடைசிக் காட்சி என்ன? பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் இரண்டு ரயில், இதில் அவன், அதில் அவள், கண்ணாடி வழியாக ஒரு விநாடி பார்த்துக்கொள்கிறார்கள். இறங்கி ஓடுகிறார்கள். ஒரு படிக்கட்டில் எதிரெதிரே வந்து, பேசாமல் கடந்தும் விடுகிறார்கள். கடந்த பிறகு அவன் திரும்பிக் கூப்பிடுகிறான். அவள் நிற்கிறாள். அந்த ரயில்வே கேட்டை ஒன்பது வருஷம் கழித்து அவர் திரும்பத் திறந்து பார்த்திருக்கிறார். 2007ஐப் பார்க்காத ஆளுக்கு இது ஒரு நல்ல காதல் படத்தின் நல்ல முடிவு, அவ்வளவுதான். பார்த்த ஆளுக்கு அந்தப் படிக்கட்டில் மூச்சே நிற்கும், இந்த முறையும் நடந்துபோய்விடுவான் என்று. போன வருஷம் அதே ஹாஸ்டல் நண்பன் வீட்டில் மறுபடி பார்த்தோம், அன்றைக்குச் சண்டை போட்டவன்தான். படிக்கட்டுக் காட்சி வந்ததும் டீ டம்ளரை வாய்க்கும் மேஜைக்கும் நடுவில் பிடித்தபடி அப்படியே இருந்தான். ஞாயிற்றுக்கிழமை ‘யுவர் நேம்’ மட்டும் போட்டால் இது யாருக்குக் கிடைக்கும்?

சொன்னதைத் திரும்பச் சொல்வதில் பணம் இருக்கிறது என்று சொல்பவர்களுக்கு ஒன்று. அந்தப் படம் ஜப்பானில் மட்டும் 2,500 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. வால்நட்சத்திரம் விழுந்து அழிந்த ஒரு மலைக்கிராமத்தை, மூன்று வருஷம் பின்னால் போய், ஆட்களைக் காப்பாற்றிவிடுகிறார்கள். 2011 மார்ச் 11 நிலநடுக்கமும் சுனாமியும்தான் இந்தக் கதைக்குப் பின்னால் இருக்கிறது என்று ஷின்காயே சொல்லியிருக்கிறார். நடந்த அழிவை நடக்காததாக்கிக் காட்டலாமா என்ற கண்டனம் ஜப்பானிலேயே எழுந்தது. வசூலே குறியாக இருக்கிற ஆள் என்ன செய்வார்? இன்னொரு ஊரைக் காப்பாற்றுவார். இவர் 2019இல் ‘வெதரிங் வித் யூ’வில் டோக்கியோவைத் தண்ணீரில் விட்டுவிட்டார். ஒரு பெண் தன்னைக் கொடுத்தால் மழை நிற்கும், பையன் அதை ஏற்காமல் அவளை இழுத்துக்கொண்டு வருகிறான், மூன்று வருஷம் விடாமல் மழை, நகரத்தின் பெரும்பகுதி முழுகிவிடுகிறது. படம் அதற்காக அவனைத் தண்டிக்கவும் இல்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை.

இந்தப் படம் இந்தியாவில் தியேட்டருக்கு வந்ததே ரசிகர்கள் ஐம்பதாயிரம் பேருக்கு மேல் இணையத்தில் கையெழுத்துப் போட்டுக் கேட்டதால்தான், அதில் ஒன்று என்னுடையது. 2019 அக்டோபரில் பார்த்தேன். அதில் வயதான ஓர் அம்மா வருகிறார், வீடு முழுகிப்போய் ஃபிளாட்டுக்குக் குடிமாறியவர். அவர் அலட்டிக்கொள்ளாமல், இந்த இடமெல்லாம் முன்பு கடலாகத்தானே இருந்தது, பழையபடி ஆகிவிட்டது, அவ்வளவுதான் என்கிற மாதிரி ஒன்று சொல்வார். எனக்குப் பின்வரிசையிலிருந்து ஒரு குரல், “நம்ம வேளச்சேரி!” தியேட்டரே சிரித்தது, அப்புறம் சிரிப்பு சட்டென்று நின்றது. 2015 டிசம்பரில் நான் வேளச்சேரியில்தான் தரைத்தளத்தில் குடியிருந்தேன். இடுப்பளவு தண்ணீர், நான்கு நாள் மொட்டை மாடியில். மூன்றாவது நாள் வீட்டுக்கார அம்மா பால் பவுடரைக் கரைத்துக்கொண்டே சொன்னார், “ஏரியில வீடு கட்டுனோம், ஏரி பாக்க வந்திருக்கு.” அவர் முகத்தில் அன்றைக்கு இருந்ததும் அந்தப் படத்து அம்மா முகத்தில் இருந்ததும் ஒன்றுதான். இதை ‘யுவர் நேம்’ பார்த்தால் பார்த்த மாதிரி என்று சொல்கிறீர்கள்.

அடுத்தது 2022இல் வந்த ‘சுசுமே’. இதில்தான் எனக்கு உங்கள் மேல் நிஜமான வருத்தம்.

கடலூர் தேவனாம்பட்டினத்தில் என் பெரியம்மா மகன் இருக்கிறான். 2004 டிசம்பர் 26 அன்று அவனுக்கு 14 வயது, எனக்கு 11. பெரியம்மா அன்றைக்குப் போனவர்தான். 2023 ஏப்ரலில் ‘சுசுமே’ இங்கே வந்தபோது ஏதோ வேலையாகச் சென்னைக்கு வந்திருந்தவனை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன், பூனை வரும், நாற்காலி ஓடும், ஜாலியாக இருக்கும் என்று சொல்லி. கதை சுனாமியில் போய் முடியும் என்று எனக்கே சரியாகத் தெரியாது. ஆங்கில சப்டைட்டில் அவனுக்கு ஓடாது, அதனால் காதருகே நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன், முன்னால் இருந்த ஒருவர் இரண்டு முறை திரும்பி ‘உஷ்’ என்றார்.

படத்தின் நாயகி சுசுமேவுக்கு 17 வயது. கியூஷு தீவிலிருந்து வடக்கே போகிறாள், வழியெல்லாம் ஆளில்லாமல் கைவிடப்பட்ட இடங்கள், அங்கே திறந்துகிடக்கும் கதவுகளை மூட வேண்டும். மூடுவதற்கு முன் அங்கே ஒரு காலத்தில் வாழ்ந்தவர்களின் குரலைக் கேட்க வேண்டும், அதுதான் சாவி. கடைசியில் தன் சொந்த ஊருக்கு வந்து, வீடு இருந்த இடத்து மண்ணைத் தோண்டி ஒரு தகர டப்பாவை எடுக்கிறாள். உள்ளே நான்கு வயதில் அவள் வைத்திருந்த படம் போட்ட டைரி. அம்மா, சாப்பாடு, விளையாட்டு என்று கலர் கலராக ஒவ்வொரு நாளும். மார்ச் 11 என்று போட்ட பக்கம் முழுக்கக் கறுப்பு கிரேயான். புரட்டினால் அடுத்த பக்கமும் கறுப்பு. அதற்கடுத்ததும். கிரேயானை அழுத்தி அழுத்தித் தேய்த்த கோடுகள் தெரிகின்றன.

அப்புறம் அந்தக் கதவுக்கு அப்பால் அன்றைய காலையின் குரல்கள். வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிக்கூடம் போகிறவர்கள், வாசலில் நின்று சொல்லிக்கொண்டு கிளம்புகிறார்கள். ஜப்பானியர்கள் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ‘இத்தேகிமாசு’ என்பார்கள். சப்டைட்டிலில் ஏதோ கிளம்புகிறேன் என்கிற மாதிரி வந்தது. அதன் நேரான அர்த்தம் நமக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? நான் அவன் காதில் சொன்னேன், “போயிட்டு வரேன்னு சொல்றாங்க.” ஒருவர் பின் ஒருவராக, ஊரே சொல்கிறது, போயிட்டு வரேன், போயிட்டு வரேன். முன்னால் இருந்தவர் இந்த முறை திரும்பவில்லை.

இந்தப் படத்தில் யாரும் பின்னால் போய் யாரையும் காப்பாற்றவில்லை. செத்த அம்மா வரவில்லை. படத்தின் ஆரம்பத்தில் குட்டிப் பெண்ணிடம் வருவது அம்மா என்று நினைக்கிறோம், கடைசியில் பார்த்தால் அது வளர்ந்த அவளேதான். 2016இல் தான் சொன்ன பதிலை ஆறு வருஷம் கழித்துத் தானே கையெழுத்துப் போட்டுத் திரும்பப் பெற்றுக்கொண்டிருக்கிறார் மனிதர். அதே கருவைத் தொடாமல் இதை எப்படிச் செய்வது?

வெளியே வந்து டீக்கடையில் நிற்கும்போது அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான், “அந்த நாற்காலிக்கு ஏன்டா மூணு காலு?” அவள் அம்மா செய்துகொடுத்தது, சுனாமியில் போய் ஒரு கால் இல்லாமல் கிடைத்தது என்றேன். கொஞ்ச நேரம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். அவன் வீட்டில் ஒரு அம்மிக்குழவி இருக்கிறது. வீடு போன இடத்தில் நான்கு நாள் கழித்து மணலிலிருந்து கிடைத்தது, பெரியம்மாவுடையது. அம்மி கிடைக்கவில்லை. புது வீட்டில் மிக்ஸி இருக்கிறது, அரைக்க அம்மி இல்லை, குழவி மட்டும் ஜன்னலோரமாக நிற்கிறது. அண்ணி வெள்ளிக்கிழமை தோறும் அதைக் கழுவித் துடைத்து வைப்பாள். இதை நான் பத்தொன்பது வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இந்தப் படத்துக்குத்தான் “எல்லாம் பார்த்த மாதிரி.”

2013இல் வந்த ‘கார்டன் ஆஃப் வேர்ட்ஸ்’ பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, 46 நிமிஷம்தான், ‘யுவர் நேமு’க்கு முன்னால் போடுவதாக இருந்தோம். ஷிஞ்ஜுகுவில் ஒரு பூங்கா, மழை பெய்கிற காலையில் மட்டும் வருகிற இரண்டு பேர். அந்தப் பெண் ‘மன்யோஷு’ என்ற பழைய தொகுப்பிலிருந்து ஒரு கவிதையைச் சொல்லிவிட்டுப் போகிறாள்: இடி லேசாகக் கேட்டு, மேகம் கவிந்து, மழை வந்தால் நீ இங்கே தங்குவாயா. பதில் பாட்டு படத்தில் வெகுநேரம் கழித்து வருகிறது: மழை வராவிட்டாலும் தங்குவேன், நீ சொன்னால். இதை நம் கழகத்துக்கே வருகிற ஒரு தமிழாசிரியையிடம் காட்டினேன். முல்லைத்திணைப் பாட்டைப் பக்கத்து வீட்டில் கேட்ட மாதிரி இருக்கிறது என்றார். அகநானூற்றில் 400 பாட்டு, அதில் கார்காலம் வந்துவிட்டது, அவர் இன்னும் வரவில்லை என்று சொல்கிற பாட்டு எத்தனை என்று எண்ணிப் பார்த்து, ஒன்றை வைத்துக்கொண்டு மிச்சத்தை எடுத்துவிடலாம் என்று சொல்ல நம்மில் யாருக்காவது வாய் வருமா?

நான் ஷின்காயின் வக்கீல் இல்லை. குறை இருக்கிறது, சொல்கிறேன். அவருடைய பெண்கள் பல சமயம் காத்திருக்கவோ, காப்பாற்றப்படவோ, பலியாகவோ மட்டும்தான் இருக்கிறார்கள். ‘வெதரிங் வித் யூ’வில் மழையை நிறுத்துகிற பெண் ஹினாவுக்கு அந்த வேலையைத் தவிர என்ன பிடிக்கும் என்று கேட்டால் யோசிக்கத்தான் வேண்டும். ‘யுவர் நேமி’ல் அந்தப் பெண்ணோடு உடல் மாறிய பையன் காலையில் எழுந்ததும் செய்கிற அந்தச் சேட்டை முதல் தடவையே எனக்குச் சிரிப்பு வரவில்லை, மூன்றாம் தடவை எரிச்சல்தான். 2016இலிருந்து வந்த மூன்று படத்திலும் ராட்விம்ப்ஸ் என்ற ராக் இசைக்குழுவின் பாட்டு சரியாக எங்கே எழும், எப்போது ஓட ஆரம்பிப்பார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிவிடலாம். அதெல்லாம் பழக்கதோஷம், அதைத் திட்டுங்கள், நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் பழக்கதோஷம் ஒன்று, ஒரு மனிதரை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற கேள்வி வேறொன்று. நீங்கள் இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிட்டீர்கள்.

மாறிப் பார்க்கவில்லையா என்றால், பார்த்தார். 2011 மே மாதம் வந்த ‘சில்ட்ரன் ஹூ சேஸ் லாஸ்ட் வாய்ஸஸ்’ ஒரு பாதாள உலகக் கதை, சாகசம், விநோதப் பிராணிகள். உடனே என்ன சொன்னார்கள்? ஜிப்லி என்ற பெரிய அனிமே ஸ்டுடியோவின் படம் மாதிரியே இருக்கிறது என்றார்கள். தன்னைப் போல எடுத்தால் பழையது, வேறு மாதிரி எடுத்தால் அடுத்தவருடையது, ஆள் எங்கேதான் போவார்? அந்தப் படத்திலும் செத்த மனைவியைத் திரும்பக் கொண்டுவர ஒருவர் பாதாளம் வரை போகிறார் என்பதைச் சும்மா சொல்லி வைக்கிறேன். அது நிலநடுக்கத்துக்கு முன்பே எழுதி எடுத்த கதை.

இனி எங்களுக்கு என்ன வேண்டும் என்று நேராகச் சொல்கிறேன்.

நான்கு மாலைகளையும் பழைய வரிசையிலேயே திரும்பக் கொடுங்கள். முதல் நாள் அந்த மூன்று படம், இரண்டாம் நாள் ‘கார்டன் ஆஃப் வேர்ட்ஸ்’, ‘யுவர் நேம்’, மூன்றாம் நாள் ‘வெதரிங் வித் யூ’, நான்காம் நாள் ‘சுசுமே’. ஹால் வாடகைதான் பிரச்சினை என்றால் அதைச் சொல்லுங்கள், உறுப்பினர்களிடம் வசூல் செய்ய நாங்கள் மூன்று பேரும் தயார். எப்படியும் ஒரே ஒரு மாலைதான் என்று முடிவு கட்டிவிட்டால், அது ‘யுவர் நேம்’ வேண்டாம், அந்தப் படம் யாருக்கும் எங்கேயும் கிடைக்கும். முதல் மாலையின் 93 நிமிஷத்தைக் கொடுங்கள்.

அடுத்து, “ஒன்றைப் பார்த்தால் எல்லாம் பார்த்த மாதிரி” என்ற வாக்கியம் மாதாந்திரச் சுற்றறிக்கையில் அச்சாகக் கூடாது. அச்சாகத்தான் வேண்டும் என்றால், இந்த முடிவில் கலந்துகொண்ட ஐந்து பேரில் யார் யார் எத்தனை ஷின்காய் படம் பார்த்திருக்கிறீர்கள் என்ற எண்ணிக்கையும் பக்கத்திலேயே அச்சாகட்டும்.

நான்காம் நாள் படம் முடிந்ததும் அரைமணி நேரம் கலந்துரையாடல் வேண்டும், அதில் உங்களில் ஒருவராவது மேடைக்கு வந்து உங்கள் கட்சியைப் பேச வேண்டும். குழுவில் கட்டைவிரல் போட்டவர்களில் யாராவது வந்தால் இன்னும் நல்லது. நான் எதிர்க்கட்சி பேசுகிறேன், மரியாதையாகத்தான். தோற்றால் அடுத்த அனிமே வாரத்துக்கு நீங்கள் சொல்கிற இயக்குநருக்கு நானே அனுமதி வாங்கித் தருகிறேன்.

ஒவ்வொரு படத்துக்கும் தமிழில் ஒரு பக்கக் கதைச்சுருக்கம் அச்சடித்து வாசலில் கொடுக்க வேண்டும். எழுதி முடித்துவிட்டேன், ஜெராக்ஸ் செலவு மட்டும்தான் உங்களுடையது. அனுமதிக் கடிதத்துக்கு நாங்கள் பதில் போடவேண்டிய கெடு இந்த மாதம் 25ஆம் தேதி. அதனால் 20ஆம் தேதிக்குள் எழுத்தில் பதில் வேண்டும், வாட்ஸ்அப்பில் இல்லை.

கடைசியாக ஒன்று. ‘சுசுமே’ அன்றைக்கு ஓரமாக, கடைசி வரிசையில் இரண்டு நாற்காலி எனக்கு ஒதுக்க வேண்டும். அண்ணன் கடலூரிலிருந்து வருகிறான், அண்ணியையும் கூட்டிவருவதாகச் சொல்கிறான், வந்தால் மூன்று. நான் நடுவில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருப்பேன். யாரும் ‘உஷ்’ என்று சொல்லக் கூடாது என்று படம் தொடங்கும் முன்பே மைக்கில் அறிவித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒன்பது வருஷத்து உறுப்பினன்